முனியாண்டிக்கு ஒரு சம்மன்

கண்டிப் பொலிஸ் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகும் அழகையாவுக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் நீதிபதி பெல்லாமி துரை. மற்றவர் முனியாண்டி சாமி. இந்த இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருந்தவரை அழகையாவின் பிழைப்பு நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெல்லாமி துரை சீமையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயது முப்பதுக்குள். எந்நேரமும் சட்டப்புத்தகமும் கையுமாக இருப்பார். காலையில் அவர் பொலிஸ் கோர்ட்டு நீதிபதி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அதே கதிரையில் உட்கார்ந்தால் சில்லறை வழக்குக் கோர்ட்டு நீதிபதி. காலையில் அவர் அபராதம் போடலாம், மூன்று மாதம் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பலாம், முதுகில் இருபது அடி கொடுக்கச் சொல்லலாம். மத்தியானமானால் அந்த அதிகாரமெல்லாம் சோற்றோடு செரித்துப் போய்விடும். காணி, கடன், பாகப்பிரச்சினை மட்டும்தான் மிஞ்சும்.

"காலையில வந்தீங்கன்னா முதுகு போகும். மத்தியானம் வந்தீங்கன்னா மாடு போகும்" என்று கோர்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அழகையா விளக்கம் சொல்லுவான். சொல்லும்போது இடுப்பு வாரைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொள்வான். நான்கு விரல் அகலத் தோல் வார். நடுவில் மகாராணியின் கிரீடம் பொறித்த பித்தளை வில்லை. கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அழகையாவை அந்த வில்லைதான் எட்டு மாதத்தில் "ஐயா" ஆக்கியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, மகாவலிக்கு அப்பால் பல்லேகலப் பக்கத்து மூங்கில்காட்டுத் தோட்டத்தின் டன்பார் துரை கொடுத்த பிராது விசாரணைக்கு வந்தது. எதிரி அந்தத் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலாயி. அவளுடைய கிடாய் நாற்றுமேடைக்குள் புகுந்து முந்நூறு கோப்பிக் கன்றைத் தின்றுவிட்டது என்பது பிராது.

வேலாயி கூண்டில் ஏறினாள். பெல்லாமி துரை இங்கிலீசில் கேட்க, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் கிறகரி முதலியார் தமிழில் கேட்டார்.

"அந்த ஆடு உன்னுடையதா?"

"இல்லைங்க சாமி."

"உன் வாசலில் வளர்ந்ததுதானே?"

"ஆமாங்க சாமி."

"தீனி போடுகிறது யார்?"

"நான் போடுறேனுங்க. நான் மட்டுமா? லயத்து வீடுகள்ல எல்லாரும் போடுவாங்க. எங்களை வேலை வாங்குற கண்டக்டரய்யா வீட்டம்மாகூட சோத்துக் கஞ்சி ஊத்தும்."

"வளர்க்கிறது நீ, தீனி போடுகிறது நீ. பிறகு ஆடு யாருடையது?"

"முனியாண்டியுதுங்க. போன வருசம் எம் மகளுக்குப் பேதி கண்டு கண்ணு சொருகிடுச்சு. பொழைச்சா கெடா வெட்டுறேன்னு நேந்துக்கிட்டேன். பொழைச்சுட்டா. நேந்து விட்ட அன்னியிலேருந்து அது சாமி சொத்து. நான் அதுக்குக் கயிறு போட்டா என் கை வெளங்குமா?"

கிறகரி முதலியார் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர். ஆனாலும் விஷயத்தை ஒழுங்காகவே எடுத்துச் சொன்னார். நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். வருஷத் திருவிழா வரைக்கும் அது போன இடமெல்லாம் மேயும். திருவிழாவன்று வெட்டி, ஊர் முழுக்கச் சாப்பிடும்.

பெல்லாமி துரை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் கண்ணை மூடினால் கோர்ட்டுக்குள் ஈகூடப் பறக்காது.

"முனியாண்டிக்குச் சம்மன் அனுப்பு" என்றார்.

முதலியார் தொண்டையைச் செருமினார். "துரை, முனியாண்டி என்பது ஆள் இல்லை. தெய்வம்."

"அது எனக்குத் தெரியாதென்று நினைத்தீரா? இந்தப் பெண் சத்தியம் செய்து, உடைமைக்காரன் முனியாண்டி என்கிறாள். ஒரு பெயர் சொல்லப்பட்டால் அந்தப் பெயருக்குச் சம்மன் போக வேண்டும். தவணையன்று வாசலில் மூன்று தடவை கூப்பிட வேண்டும். வரமாட்டான். வரவில்லையென்றால் அப்படியொரு உடைமைக்காரன் இல்லை, ஆடு இவளுடையது என்று எழுதுவேன். அபராதம் கட்டட்டும். கட்ட முடியாவிட்டால் ஒரு மாதம் மறியல். சாமியின் பெயரைச் சொல்லி இந்த மாவட்டத்தில் இனி ஒருவரும் தப்பக் கூடாது."

பிராது கொடுத்த டன்பார் துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அழகையா கூரையிலிருந்த மரச்சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான். தன்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று எண்ணினான். ஏழாவது சட்டத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எட்டு நாள் தவணை" என்றார் நீதிபதி. "அதற்குள் சம்மன் சேராவிட்டால் அந்த வாரை அவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ. சேராததைச் சேர்ந்தது என்று சத்தியம் செய்தாயோ, நான் போடக்கூடிய இருபது அடியும் உனக்குத்தான்."

மத்தியானம் முதலியார் சம்மன் எழுத உட்கார்ந்தார். அழகையா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"எதிரியின் தகப்பன் பெயர்?"

"ஐயா, வெளையாடாதீங்க."

"நானா விளையாடுறேன்? படிவத்துல இடம் விட்டிருக்கு. வயசு?"

"அதைப் போய் யாருங்க கேக்கிறது?"

"தொழில்?"

"காவல்னு போடுங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சது."

"விலாசம்?"

"மூங்கில்காட்டுத் தோட்டம், ஏழாம் மலை, ஆலமரத்தடி." சொல்லிவிட்டு அழகையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஐயா, இதை நீங்க கொண்டுபோய்க் குடுத்தா என்ன? நீங்க வேதக்காரங்க. ஒங்களை அவர் ஒண்ணும் செய்யமாட்டார்."

"என்னை அவர் விடுவார். சம்மன்காரன் வேலையை முதலியார் செஞ்சான்னு பெல்லாமி துரை விடமாட்டார்" என்று சொல்லி, முதலியார் சம்மனில் மை உலர மணலைத் தூவினார்.

மறுநாள் அழகையா மகாவலியைத் தோணியில் கடந்து, குண்டசாலையைத் தாண்டி, ஏழாம் மலை ஏறினான். ஆலமரத்தடியில் மூன்று கல், ஒரு சூலம், சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம். சுற்றிலும் வெள்ளைக் கல் வைத்து எல்லை கட்டியிருந்தது. அன்றைக்கு என்னவோ பூசாரி இருளப்பனும் அந்தப் பக்கத்துக் கோப்பி நிரையில்தான் பழம் பறித்துக்கொண்டிருந்தான். வார் கட்டிய ஆளைக் கண்டதும் கூடையோடு ஓடி வந்தான்.

"எட்டி நில்லுடா! இடுப்புல என்னது?"

"கோர்ட்டு வார் அண்ணே."

"என்ன தோலு?"

அழகையா பொய் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் சூலம் அவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. "மாட்டுத் தோலு."

"மாட்டுத் தோலைக் கட்டிக்கிட்டு முனி எல்லைக்குள்ள கால் வைப்பியா? அவிழ்த்து வச்சுட்டு வா."

நியாயம்தான் என்று அழகையா வாரை அவிழ்த்து வெளியே ஒரு கோப்பி மரத்தில் மாட்டினான். வெள்ளைக் கல்லைத் தாண்டக் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. வாரும் வில்லையும் இல்லாமல் சேர்ப்பித்த சம்மன் செல்லாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலியார் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

திரும்பிப் போய் வாரைக் கட்டினான். இருளப்பன் கத்தினான். அவிழ்த்தான். சட்டம் ஞாபகம் வந்தது. கட்டினான். பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"யக்கா, இது நாலாவது தரம்!" என்று எண்ணினாள் ஒருத்தி.

"அண்ணே, நீயே இதை வாங்கிக்கயேன்" என்று அழகையா பூசாரியிடம் கெஞ்சினான். "ஆள் வீட்டுல இல்லேன்னா சொந்தக்காரங்க கையில குடுக்கலாம். சட்டத்துல இருக்கு."

"நான் சாமிக்குச் சொந்தக்காரனா? நான் பூசாரிடா. அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும். மத்த நாள் காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போயி நிக்கிறவன். இதை வாங்கிட்டு நாளைக்குக் கோர்ட்டுல முனியாண்டிக்குப் பதிலா நான் கூண்டுல ஏறவா?"

"அப்ப கதவுல ஒட்டிடுறேன்."

"கதவு எங்க இருக்கு, காட்டு."

"மரத்துல ஒட்டுறேன்."

"ஒட்டு. நான் வேணாங்கலை. வாரை அவிழ்த்துட்டு உள்ள வந்து ஒட்டு."

கூட்டம் சிரித்தது. வேலாயி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, ஒங்க வேலை போயிருமா?"

"என் வேலை இருக்கட்டும். நீ மறியலுக்குப் போகாம இருக்க வழி பாரு."

"நான் என்ன வழி பாக்கிறது? ஆடு எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாத் கோர்ட்டுத் துரை அபராதத்தைக் கொறைச்சுப் போடுவாராம், கண்டக்டரய்யா சொல்றாரு. குடுத்ததை எனக்குன்னு எப்படிச் சொல்லுவேன்? எம் மக மூச்சு விடுறாள்ல."

வழக்குக்குக் காரணமான கிடாய் சற்றுத் தள்ளி நின்றது. நன்றாகக் கொழுத்திருந்தது. கொம்பில் மஞ்சள் துணி. இந்தச் சர்ச்சையில் அதற்கு எந்த அக்கறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் தோணித்துறையில் உட்கார்ந்து அழகையா வெகுநேரம் ஆற்றைப் பார்த்தான். "சேர்ப்பித்தேன்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும். முனியாண்டியா வந்து மறுக்கப் போகிறார்? ஆனால் வந்து மறுத்துவிட்டால்? போதாததற்கு, மலை முழுக்கச் சாட்சி. நாலு தரம் கட்டி அவிழ்த்ததை விரல் விட்டு எண்ணிய சாட்சி. அவனுக்கு முதுகு இப்போதே எரிவதுபோல் இருந்தது.

தவணை நாளில் கூண்டில் ஏறி உண்மையையே சொன்னான்.

"வாரோட போகச் சாமி விடலைங்க துரை. வாரில்லாமப் போகச் சட்டம் விடலைங்க."

கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. பெல்லாமி துரை சிரிக்கவில்லை. சட்டப்புத்தகத்தைப் புரட்டினார். அழகையா சொன்னது அதில் இருந்தது. இருந்ததுதான் அவருக்குக் கோபம்.

"சம்பவம் நடந்த இடத்தைப் போய்ப் பார்வையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு" என்றார். "சனிக்கிழமை காலை அந்த மரத்தடியில் கோர்ட்டு கூடும். என் கண் முன்னால் சம்மன் சேரும். சேராவிட்டால், அழகையா, உன் வாரோடு நான் திரும்புவேன்."

சனிக்கிழமை ஏழாம் மலையில் திருவிழாக் கூட்டம். பழம் சிவந்து தொங்கும் காலம். ஒருநாள் தவறினால் பாதி மண்ணில் உதிர்ந்துவிடும். அப்படியிருந்தும் இருநூறு பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி நின்றார்கள். டன்பார் துரை குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் முகத்தில் பிராது கொடுத்தவனின் களையே இல்லை.

பெல்லாமி துரை நேராக நடந்து வந்தார். வெள்ளைக் கல் அருகே வந்ததும் இருநூறு பேருடைய பார்வையும் அவர் காலுக்கு இறங்கியது. அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"முதலியார், என் சப்பாத்து என்ன தோல்?"

"அதேதான் துரை."

நீதிபதி நின்றார். இருநூறு பேர் முன்னால் சப்பாத்தைக் கழற்றினால் கோர்ட்டின் மதிப்பு என்ன ஆகும்? கழற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதும் அந்த இருநூறு முகங்களிலும் எழுதியிருந்தது. எல்லைக்கு வெளியில் நின்றபடியே கையை நீட்டினார்.

"சம்மனை இங்கே கொடு. நானே எறிந்துவிடுகிறேன்."

முதலியார் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "துரை சேர்ப்பித்தால், சேர்ந்ததற்குத் துரைதான் சாட்சி. சாட்சி சொன்னவர் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதோடு, துரை கூண்டில் ஏறித் துரைக்கே சத்தியம் செய்து கொடுக்க வேண்டிவரும்."

நீட்டிய கை மெல்ல மடங்கிச் சட்டைப் பைக்குள் போனது. அவமானத்தையெல்லாம் சேர்த்து அவர் அழகையாவின் மேல் திருப்பினார்.

"வாரோடு உள்ளே போ. இந்த நிமிஷமே. இல்லையென்றால் அதை இங்கேயே அவிழ்த்துக் கொடு."

உள்ளே போனால் முனி. போகாவிட்டால் மறுபடியும் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு இதே மலையில் பழம் பறிப்பு. எட்டு மாதமாக ஐயா என்று கூப்பிட்டவர்கள் "டேய் அழகையா" என்பார்கள். சூலத்தைப் பார்த்தான். நீதிபதியைப் பார்த்தான். சம்மனைப் பார்த்தான். இந்த எட்டு மாதத்தில் எத்தனை சம்மன்! அலவத்துகொடையில் ஒரு வீட்டில் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடமும் திட்டு, கோர்ட்டிலும் திட்டு. அதற்குப் பிறகு பிராதுக்காரன் கூட வந்து கையைக் காட்டாமல் அவன் யாருக்கும் ஒரு தாளைக்கூட நீட்டியதில்லை.

அழகையாவின் கண் அகன்றது.

"போறேனுங்க துரை" என்றான். "வாரோடவே போறேன். ஆனா பிராது குடுத்தவங்க முன்னுக்கு வந்து, 'இவன்தான்'னு விரலை நீட்டி எதிரியைக் காட்டணுமுங்க. காட்டாம நான் குடுத்தாச் செல்லாது."

முதலியார் இதை இங்கிலீசில் சொன்னபோது அவர் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. பெல்லாமி துரை புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கோபமாயிருந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம். சட்டம் ஒழுங்காகச் சொல்லப்பட்டால், சொன்னவன் யாரென்று பார்க்காமல் சந்தோஷப்படுகிற மனிதர் அவர்.

"சரியாகச் சொல்கிறான். டன்பார், வாருங்கள். காட்டுங்கள்."

டன்பார் துரை அசையவில்லை.

"விரலை நீட்டினால் போதும், ஐயா" என்றார் நீதிபதி.

இருநூறு பேரும் இப்போது டன்பார் துரையின் வலது கையைப் பார்த்தார்கள். அந்தக் கை குதிரையின் கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தது. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துத் துரை, கோவில் விளக்கைக் காலால் தட்டிவிட்டார். மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நின்றது கண்டக்டரும் கண்டக்டரின் நாயும் மட்டும். அந்தத் தோட்டத்துப் பழமெல்லாம் மண்ணில்தான் விழுந்தது. டன்பார் துரையின் மலையிலோ இப்போது பழம் கண்ணைப் பறிக்கிற சிவப்பு.

வேலாயிக்குப் பொறுக்கவில்லை. "காட்டுங்களேன் சாமி! வெள்ளிக்கிழமை தோறும் இந்த எடத்துக்கு வந்ததும் குதிரையை நிறுத்தித் தொப்பியைக் கழட்டுறீங்களே, அவருதானுங்க!"

முதலியார் இதையும் ஒரு எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தார். பெல்லாமி துரை திரும்பினார்.

"இது உண்மையா, டன்பார்?"

டன்பார் துரையின் காது கோப்பிப் பழ நிறத்துக்கு வந்தது. "இந்த இடத்தில் குதிரை மிரளும்" என்றார். "தொப்பியை எடுத்தால் மிரளாது. வேறொன்றுமில்லை."

"அப்படியா? தொப்பியை எடுத்தது குதிரைக்கு எப்படித் தெரியும்?"

டன்பார் துரை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அத்தனை நாளும் கோர்ட்டில் பேசாததையெல்லாம் சேர்த்துத் தோட்டத் தமிழில் ஒரேயடியாகக் கத்தினார்: "ஆடு வேணாம்! கோர்ட்டு வேணாம்! எல்லாம் மலைக்குப் போ! பழம் எடு!"

அதைவிடத் தெளிவாக யாரும் பிராதை வாபஸ் வாங்க முடியாது. கூட்டம் ஆரவாரம் செய்தது. இருளப்பன் சூடத்தைக் கொளுத்தினான். வேலாயி மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள் என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. சூலத்துக்கும் அவளுக்கும் நேர் நடுவில் அழகையா நின்றிருந்தான்.

நீதிபதி ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வழக்குப் புத்தகத்தைத் திறந்தார்.

"வாதி எதிரியை அடையாளம் காட்டவில்லை. வழக்குத் தள்ளுபடி. எழுதிக்கொள்ளும்."

"துரை," என்றார் முதலியார், "முனியாண்டி இருக்கிறார் என்று எழுதவா, இல்லை என்று எழுதவா?"

பெல்லாமி துரை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு இருநூறு பேரைப் பார்த்தார்.

"என் அதிகாரம் மூன்று மாதமும் இருபது அடியும்தான்" என்றார். "இது அதற்கு மேற்பட்ட கேள்வி. ஒன்றும் எழுத வேண்டாம்." எழுந்து போகிற போக்கில் அழகையாவிடம் நின்றார். "நீ இந்தச் சட்டத்தை எங்கே படித்தாய்?"

"அலவத்துகொடையிலங்க துரை."

"அங்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிறார்களா?"

"பலமாவே சொல்லிக்குடுத்தாங்க துரை."

நீதிபதி தலையை ஆட்டிவிட்டு நடந்தார். வாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் கொஞ்ச தூரம் போனதும் முதலியார் அழகையாவின் கையிலிருந்த சம்மனை வாங்கினார். சேராத சம்மனின் முதுகில் காரணம் எழுதித்தான் வழக்குத் தாள் கட்டோடு சேர்க்க வேண்டும். பேனாவை மையில் தோய்த்தார்.

"வழக்கமா எழுதுறதையே எழுதிடுறேன். 'தேடியும் ஆள் அகப்படவில்லை.'"

அழகையா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆலமரத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி குரலை இறக்கினான்.

"ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவர் இங்கதானே இருக்கார்? கேட்டுக்கிட்டிருக்கார். 'வந்த காரியம் முடிஞ்சுது'ன்னு மட்டும் எழுதுங்க."